இலங்கைத் தேசியக் கொடி

கருஞ்சிவப்புத் தளத்தில் வலது முன்காலில் வாளேந்திய பொன்னிறச் சிங்கமும், கம்பத்தை ஒட்டிப் பச்சை, செம்மஞ்சள் நிறங்களில் இரு நிலைக்குத்துப் பட்டைகளும் கொண்டது. இரு பகுதிகளையும் மஞ்சள் கரை தனித்தனியே சூழ்ந்திருக்கும். சிங்கக்கொடி, 1815இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த கண்டி அரசுக்குரியது. சிங்கள அடையாளமாகவே கொள்ளப்படும் இதைக் கடைசியாக ஏந்திய கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனோ தென்னிந்திய நாயக்கர் வழியினர்.

1948இல் சுதந்திரத்தின்போது இச்சிங்கக்கொடியே ஏற்றப்பட்டது. சிறுபான்மையினரின் அதிருப்தியை அடுத்து ஒரு குழு ஆராய்ந்து, 1951இல் பட்டைகள் சேர்க்கப்பட்டன. செம்மஞ்சள் தமிழரையும் பச்சை முஸ்லிம்களையும் குறிக்கும்.

தனித்தன்மையில் இக்கொடிக்கு நிகரானவை குறைவு. வேறெந்த நாட்டுக் கொடியோடும் குழம்பாது. குறியீட்டில்தான் கோளாறு. சிறுபான்மையினர் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். வாளேந்திய காலும் அவர்கள் பக்கமே நீள்கிறது. 1972இல் மூலைகளில் இடம்பெற்ற நான்கு அரசிலைகள் பௌத்தம் போற்றும் மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை ஆகிய நற்பண்புகளைச் சுட்டுவதால் சாய்வு இன்னும் கூடியது. முன்பு கொடியை ஆராய்ந்த குழுவிலிருந்த செனட்டர் எஸ். நடேசன் பட்டைகள் சேர்ந்த இவ்வடிவமைப்பை ஏற்கவில்லை. தம் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார்.