குழுவாகச் செயலி உருவாக்குகிறீர்களா? 'அப்டேட்' யார் பொறுப்பு?

நண்பர்களோடு சேர்ந்து ஒரு செயலியை உருவாக்குகிறீர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரித் திட்டப்பணியாக இருக்கலாம். முதல் வேலையாகவும் இருக்கலாம்.

நீங்கள் எழுதியது சில ஆயிரம் வரிகள். ஆனால் அந்தச் செயலிக்குள் முன்பின் அறியாதவர்கள் எழுதிய நூற்றுக்கணக்கான தொகுப்புகளும் இருக்கக்கூடும்.

அவற்றில் ஒன்றில் பாதுகாப்புக் குறைபாடு வந்தால்? அதைச் சரிசெய்வது யார் வேலை?

'டிபெண்டன்சி' என்றால் என்ன?

தேதியைக் காட்டுவது, படத்தைச் சுருக்குவது, கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது... எல்லாவற்றையும் நாமே எழுதுவதில்லை. யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த பேக்கேஜை எடுத்துப் பயன்படுத்துகிறோம். அதுதான் டிபெண்டன்சி.

நீங்கள் எடுத்தது 10 பேக்கேஜாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் வேறு சிலவற்றைக் கூட்டிக்கொண்டு வரும். விருந்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் அவர் தம் நண்பர்களையும் அழைத்து வருவதுபோல!

2021 டிசம்பரில் உலகமே பதறியது இதனால்தான். ஜாவா மென்பொருள்களில் நிகழ்வுகளைப் பதிவுசெய்ய உதவும் 'லாக்ஃபோர்ஜே' என்ற சிறிய பேக்கேஜில் ஓட்டை இருப்பது தெரியவந்தது. அதன் தீவிரத்துக்குக் கிடைத்த மதிப்பெண் 10க்கு 10. 'மைன்கிராஃப்ட்' விளையாட்டின் அரட்டையில் ஒரு வரி தட்டினாலே ஊடுருவ முடிந்தது.

சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பும் முக்கியச் சேவைத் துறைகளை அவசரமாக அழைத்துப் பேசியது.

அப்போது பல நிறுவனங்கள் திணறியது திருத்தம் இல்லாததால் அல்ல. அந்த பேக்கேஜ் தங்களிடம் எங்கெல்லாம் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. முதல் திருத்தமும் முழுமையாக இல்லை. அதே மாதத்தில் மேலும் சில பதிப்புகள் வந்தன.

திருத்தம் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. 2017ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

'ஈக்குவிஃபேக்ஸ்' என்ற கடன் தகவல் நிறுவனம் 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்ற பொதுவான மென்பொருளைப் பயன்படுத்தியது. அதில் இருந்த குறைபாட்டுக்கு மார்ச் மாதமே திருத்தம் வெளியானது. 48 மணி நேரத்துக்குள் அப்டேட் செய்யும்படி நிறுவனத்துக்குள் மின்னஞ்சலும் போனது.

ஆனால் அந்த மின்னஞ்சல் முகவரிப் பட்டியல் பழையது. அப்டேட் செய்யவேண்டியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு பின்னர் தெரிவித்தது.

மே மாதம் ஊடுருவிகள் அதே ஓட்டை வழியாக நுழைந்தனர். சுமார் 147 மில்லியன் பேரின் விவரங்கள் கசிந்தன.

திருத்தம் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. 'இது என் வேலை' என்று எடுத்துச் செய்ய ஆள்தான் இல்லை.

அப்படியென்றால் புதிய பதிப்பு வந்தவுடனே போட்டுவிடலாமா?

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2025 செப்டம்பரில் 'சாக்', 'டீபக்' உட்பட 18 ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களில் தீங்கு நிரல் நுழைக்கப்பட்டது. அவற்றைப் பராமரித்தவரை ஒரு போலி மின்னஞ்சல் ஏமாற்றியது. வாரத்துக்கு 2 பில்லியனுக்கும் அதிகமான முறை பதிவிறக்கமாகும் பேக்கேஜ்கள் அவை!

சுமார் 2 மணி நேரத்தில் அந்தப் பதிப்புகள் நீக்கப்பட்டன. அந்த நேரத்துக்குள் அவசரமாக அப்டேட் செய்தவர்களுக்குத்தான் ஆபத்து. காத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

ஆக, தாமதமும் ஆபத்து, அவசரமும் ஆபத்து. எதற்கு அவசரப்படுவது, எதற்குக் காத்திருப்பது என்பதைக் குழு முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும்.

உங்கள் குழு என்ன செய்யலாம்?

1. பட்டியலைச் சேமியுங்கள்
எந்த பேக்கேஜ், எந்தப் பதிப்பு என்பதைத் துல்லியமாகச் சொல்வது 'லாக்' கோப்பு. அதை நிரலோடு சேர்த்துச் சேமியுங்கள். அப்போதுதான் குழுவில் எல்லாருடைய கணினியிலும் ஒரே பதிப்பு இருக்கும். பயன்படுத்தாத பேக்கேஜ்களை நீக்கிவிடுங்கள்.

2. எச்சரிக்கை தானாக வரட்டும்
கிட்ஹப் தளத்தின் 'டிபெண்டபாட்', 'என்பிஎம் ஆடிட்', 'பிப்-ஆடிட்' போன்ற கருவிகள் குறைபாடுள்ள பேக்கேஜைச் சுட்டிக்காட்டும். எச்சரிக்கை ஒருவரின் மின்னஞ்சலுக்கு மட்டும் போகக்கூடாது. குழு முழுவதும் பார்க்கும் இடத்துக்கு வரவேண்டும்.

3. ஒருவர் பெயரைப் போடுங்கள்
'யாராவது பாத்துப்பாங்க' என்றால் யாருமே பார்க்கமாட்டார்கள். வாரம் ஒருவர் என்று முறை வையுங்கள். தேர்வு, விடுப்பு என்றால் மாற்று ஆளின் பெயரும் இருக்கட்டும்.

4. இரண்டு வரிசை வையுங்கள்
பாதுகாப்புத் திருத்தம் என்றால் அன்றே பாருங்கள். புதிய வசதிகளுக்கான வழக்கமான அப்டேட் என்றால் சில நாள் பொறுங்கள். 'டிபெண்டபாட்', 'பிஎன்பிஎம்' ஆகியவற்றில் இப்படிக் காத்திருக்கச் சொல்லும் அமைப்பு இருக்கிறது.

5. தனியாக மாற்றி, சோதித்துப் பாருங்கள்
புதிய வசதியையும் அப்டேட்டையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். ஏதாவது உடைந்தால் எது காரணம் என்று தெரியாது.

பதிப்பு எண்ணும் உதவும். 4.2.1 என்பது 4.2.2 ஆனால் பெரும்பாலும் சிறு திருத்தம். 5.0.0 ஆனால் உங்கள் நிரலையும் மாற்ற வேண்டியிருக்கலாம். எதுவானாலும் உள்நுழைவு, கட்டணம் போன்ற முக்கியப் பகுதிகளைச் சோதித்த பிறகே வெளியிடுங்கள்.

ஒரே நேரத்தில் 40 எச்சரிக்கை வந்தால்?

பயப்பட வேண்டாம், எல்லாம் ஒரே அளவு அவசரம் அல்ல. முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த பேக்கேஜ் பயனீட்டாளர்கள் தொடும் செயலிக்குள் இருக்கிறதா, இல்லை உங்கள் கணினியில் சோதனைக்கு மட்டும் ஓடுகிறதா? குறைபாடுள்ள பகுதியை உங்கள் நிரல் பயன்படுத்துகிறதா?

இணையத்துக்குத் திறந்திருக்கும் பகுதிகளை முதலில் சரிசெய்யுங்கள். ஒன்றைத் தள்ளிப்போட்டால், ஏன், எதுவரை என்பதை எழுதி வையுங்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பதற்கு ஒரு தேதி இருக்க வேண்டும்.

திருத்தமே வரவில்லை என்றால்?

அந்த வசதியைத் தற்காலிகமாக நிறுத்தலாம். அதே வேலையைச் செய்யும் வேறு பேக்கேஜுக்கு மாறலாம். பல ஆண்டாக யாரும் பராமரிக்காத பேக்கேஜ் என்றால், குறைபாடு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே மாற்று தேடுவது நல்லது.

குழுவின் அடுத்த சந்திப்பில் இந்த 3 கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்:

- நம் செயலிக்குள் என்னென்ன பேக்கேஜ் இருக்கிறது?
- எச்சரிக்கை வந்தால் யாருக்குப் போகும்?
- இந்த வாரம் அதைப் பார்ப்பது யார்?

மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், அங்கிருந்தே தொடங்குங்கள்.