எந்த சிஸ்டம் போடுவது?

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் வேப்பமரத்தடியைப் பற்றியும் எழுத என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் நம்மில் பலர் உண்டு என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. "சங்க அறைக் கம்ப்யூட்டர் விஷயமா கூட்டத்துல அவ்வளவு நேரம் பேசினியேப்பா, அதையே எழுதிக் கொடு" என்றார். எழுதிவிட்டேன். நீளமாகப் போனால் பழி அவருக்கு.

விஷயம் இதுதான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. நம் சங்க அறையில் இருப்பது 2015இல் ஒரு நண்பர் அன்பளிப்பாகத் தந்த இயந்திரம். விண்டோஸ் 11 அதை வாசற்படியிலேயே நிறுத்திவிடுகிறது; அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் புதிய பிராசஸரும் வேண்டுமாம். ஓடுகிற வண்டியை எதற்குத் தள்ள வேண்டும், லினக்ஸ் போடுவோம் என்றார் இறுதியாண்டு படிக்கும் மாணவப் பிரதிநிதி. புதிதாகவே வாங்கிவிடலாம், செலவை நான்கு பேர் பகிர்ந்துகொள்வோம் என்றார் பொருளாளர். வாங்குவதென்றால் மேக் வாங்குங்கள் என்றது ஒரு குரல். மூவரும் மதங்களைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசினார்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "நம்ம உறுப்பினர் பதிவேடு எதுல திறக்கும்?" யாருக்கும் தெரியவில்லை. அங்கிருந்துதான் என் பேச்சு நீண்டது.

சாதாரண ஜனங்கள் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கதையை 1981இலிருந்து தொடங்குவதுதான் நியாயம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. அதற்கு ஒன்றல்ல, மூன்று சிஸ்டங்கள் என்பது இன்றைய மாணவர்கள் பலருக்குத் தெரியாது. ஐ.பி.எம். பெயரில் வந்த பி.சி.-டாஸ், கேரி கில்டாலின் சி.பி.எம்.-86, கலிஃபோர்னியாவின் சான் டியாகோ பல்கலைக்கழகத்தில் பிறந்த பி-சிஸ்டம். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

அந்த நாளில் சின்னக் கணிப்பொறி உலகின் ராஜா கில்டால்தான். அவருடைய சி.பி.எம். 1974 முதல் புழக்கத்தில் இருந்தது. வேர்ட்ஸ்டாரும் டிபேஸும் முதலில் அதற்காகத்தான் எழுதப்பட்டன. ஐ.பி.எம். ஆட்கள் அவர் வீடு தேடி வந்த அன்று மனிதர் விமானம் ஓட்டப் போய்விட்டார், அதனால்தான் வாய்ப்புப் போயிற்று என்று ஒரு கதை சொல்வார்கள். விமானத்தில் போனது உண்மை. போனது வாடிக்கையாளரைப் பார்க்க. வந்தவர்கள் நீட்டிய ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட அவர் மனைவி டோரத்தி தயங்கினார். பிறகு எத்தனையோ நடந்தது. கடைசியில் சி.பி.எம்.-86 ஐ.பி.எம். பட்டியலில் ஏறத்தான் செய்தது.

ஆனால் விலையைப் பாருங்கள். பி.சி.-டாஸ் 40 டாலர். சி.பி.எம்.-86 240 டாலர். அதுவும் சில மாதங்கள் தாமதமாக 1982இல்தான் கடைக்கு வந்தது. டாஸோ, டிம் பேட்டர்சன் என்ற இளைஞர் தான் வேலை பார்த்த சியாட்டில் கம்பெனிக்காக, சி.பி.எம்.-86 வரத் தாமதமானதால் அவசரத்துக்கு எழுதியது. 'அவசர அடி' என்ற பொருள்படும் செல்லப்பெயர்கூட அதற்கு இருந்தது. மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கி ஐ.பி.எம்.முக்குக் கொடுத்தது, மற்ற கம்பெனிகளுக்கும் விற்கும் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. எது சிறந்தது என்று பட்டிமன்றம் வைத்து யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. 40-ஐயும் 240-ஐயும் பார்த்தார்கள், 40-ஐ எடுத்தார்கள். 1983இல் லோட்டஸ் 1-2-3 டாஸுக்கு வந்ததும் கணக்குப் பிள்ளைகள் எல்லாம் இந்தப் பக்கம். அவ்வளவுதான், முடிந்தது.

என் முதல் சிஸ்டத்தை நான் தேர்ந்தெடுக்கவே இல்லை. 1988, இயற்பியல் துறை மாடி. கல்லூரியிலேயே ஏ.சி. போட்ட ஒரே அறை. முதல்வர் அறையில்கூட மின்விசிறிதான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைகிற மாதிரி உள்ளே போவோம். அட்டெண்டர் அண்ணன் பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு ஃபிளாப்பி எண்ணிக் கொடுப்பார், எண்ணி வாங்குவார். ஐந்தேகால் அங்குலம், 360 கே.பி. முதலில் டாஸ் ஃபிளாப்பி, பிறகு அதை எடுத்துவிட்டு வேர்ட்ஸ்டார் ஃபிளாப்பி. கணிப்பொறி என்றால் டாஸ், டாஸ் என்றால் கணிப்பொறி என்றுதான் மூன்று வருடமும் நினைத்திருந்தேன். வேறொன்று இருக்கக்கூடும் என்ற எண்ணமே எழவில்லை.

இரண்டாவது சிஸ்டத்தை ஒரு கடைக்காரத் தம்பி தேர்ந்தெடுத்தார். 1997, கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் அசெம்பிள் செய்த பென்டியம். "சார், 95 போட்டுரவா?" என்றார். போடுங்க என்றேன். அந்த விண்டோஸ் 95, 1995 ஆகஸ்டில் உலகமெங்கும் திருவிழாவாக வெளியாகியிருந்தது. அதற்கு எதிராக ஐ.பி.எம். களமிறக்கிய ஓ.எஸ்.-2 தொழில்நுட்பத்தில் சோடை போனதல்ல, ஏ.டி.எம். இயந்திரங்களில் பல வருடம் உழைத்தது. அதன் வினை என்னவென்றால், விண்டோஸ் புரோகிராம்களையும் அது நன்றாகவே ஓட்டியது. அப்புறம் எவன் அதற்கென்று தனியாக எழுதுவான்? இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குக் கடைக்காரருக்குத் தெரிந்தது 95; பக்கத்து வீட்டில் இருந்ததும் 95. உரிமம் என்ற சொல் எங்கள் பேச்சில் வரவே இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

லினக்ஸ் நம் பக்கம் வந்த வழியே வேறு. ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25இல் அறிவித்தது. ஆறு மாதம்கூட ஆகுமுன், அது பழங்கால வடிவமைப்பு என்று ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் டேனன்பாம் சண்டைக்கு வந்துவிட்டார். (நம் செயற்குழு ஒன்றும் புதிதாகச் சண்டை போடவில்லை.) 1996இல் பி.சி. குவெஸ்ட் பத்திரிகை இதழோடு லினக்ஸ் சி.டி.யைக் கொடுத்தது. உபுண்டு 2005 முதல் 2011 வரை கேட்டவர்களுக்குத் தபாலில் இலவசமாக சி.டி. அனுப்பியது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. எத்தனை பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள் என்று இங்கு படித்த தம்பி தங்கைகள்தான் சொல்ல வேண்டும். "லினக்ஸெல்லாம் நமக்கு ஒத்து வராதுய்யா" என்று கூட்டத்தில் கையை ஆட்டிய நண்பரின் கையில் இருந்தது ஆண்ட்ராய்டு போன். அதன் அடியில் இருப்பதும் லினக்ஸ்தான்.

இப்போது பதிவேட்டுக்கு வருகிறேன். 1994இல் ஒரு டி.டி.பி. சென்டரில், விண்டோஸ் 3.1-இல், நானும் இரண்டு நண்பர்களும் உட்கார்ந்து அடித்தது. அந்தக் காலத்தில் தமிழுக்கு ஒவ்வொருவரும் ஒரு எழுத்துரு வைத்திருந்தார்கள். ஒருவர் 'க' வைத்த இடத்தில் இன்னொருவர் 'நு' வைத்திருப்பார். எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் தெரிவது, தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அந்தக் குடும்பத்துக்கு அது புரிந்தது. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல். அதற்குள் நம் டி.டி.பி. சென்டர் மூடப்பட்டு, எழுத்துரு இருந்த இயந்திரம் எடைக்குப் போய், கோப்பு மட்டும் ஒரு சி.டி.யில் மிச்சமிருந்தது.

1995 மலரில் அச்சானது 472 பேர். 2001 வரை சேர்த்தவர்கள் இன்னும் 140 பேர். அந்த 140 பேரும் அந்தக் கோப்பைத் தவிர வேறு எங்கும் இல்லை. சந்தா நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. விண்டோஸ் 11 வாங்கினாலும், மேக் வாங்கினாலும், லினக்ஸ் போட்டாலும் அவர்கள் படிக்க முடியாதவர்கள்தான். இதைச் சொன்ன பிறகுதான் கூட்டம் சற்று அமைதியானது.

வழி சொன்னது அந்த மாணவப் பிரதிநிதி. "சார், அச்சான மலர் ஒண்ணு கிடைக்குமா?" என்றார். என் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தது. அச்சில் இருக்கும் 472 பெயர்களைக் கோப்பில் இருக்கும் குழப்பத்தோடு வரிக்கு வரி வைத்துப் பார்த்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை போட்டோம். நான்கு ஞாயிற்றுக்கிழமை. பழைய எழுத்துருவில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் இருக்கும். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். அதனால் முதல் முறை மாற்றியபோது எல்லோருடைய கொம்பும் பக்கத்து எழுத்தின் தலையில் ஏறிக்கொண்டது. அதையும் அந்தத் தம்பி ஒரு சின்ன புரோகிராம் எழுதிச் சரி செய்தார். ஐந்தாவது ஞாயிறு 140 பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள். திரையில் முதலில் தெளிந்த பெயரைப் பார்த்ததும் பொருளாளர், "டேய், இவன் நம்ம ஏழாம் நம்பர் ரூம்டா!" என்று எழுந்தே விட்டார்.

சங்க அறை இயந்திரத்தில் இப்போது லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. பழைய பிரிண்டர் அதில் மறுபேச்சில்லாமல் வேலை செய்கிறது. கணக்கு மட்டும் டேலியில் என்பதாலும், அது விண்டோஸில்தான் ஓடும் என்பதாலும், பொருளாளர் தன் சொந்த மடிக்கணினியிலேயே அதைப் பார்த்துக்கொள்கிறார். பதிவேடு எந்த சிஸ்டமும் திறக்கக்கூடிய வெறும் யூனிகோட் எழுத்துக் கோப்பாக, மூன்று பிரதிகள், மூன்று வீடுகளில் இருக்கிறது.

அந்த 140 பேரில் 63 பேருக்கு இதுவரை கடிதம் போட்டிருக்கிறோம். இம்மலரின் பின்பக்கங்களில் முழுப் பட்டியலும் உள்ளது. பழைய எழுத்துருவில் ரகரத்துக்கும் காலுக்கும் ஒரே குறிதான். இரண்டும் சில இடங்களில் மாறியிருக்கக்கூடும். உங்கள் பெயரில் அப்படி நேர்ந்திருந்தால் மன்னித்து, செயலாளருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் பெயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.