சிர்க்கோன் கல்லும் கணிப்பொறியும்

அணுவுலைக் கழிவிலுள்ள புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 24,100 ஆண்டுகள் செல்லும். அதனை அடக்கிவைத்தற்குரிய செரமிக்குப் பொருள் அத்துணைக் காலமும் கதிர்வீச்சினாற் சிதையாதிருக்குமா? எந்த ஆய்வுகூடமும் அவ்வளவு காலங் காத்திருந்து விடைகூற இயலாது. ஆகவே ஆய்வாளர் இரு சான்றுகளை நாடினர். ஒன்று இயற்கை, மற்றையது கணிப்பொறி.

இயற்கைச் சான்றே முந்தியது. 1893இல் நோர்வே நாட்டுக் கனிப்பொருளறிஞர் புறொக்கர், புறத்தே பளிங்கின் வடிவும் அகத்தே கண்ணாடியின் ஒழுங்கின்மையும் கொண்ட கனியங்களுக்கு ‘மெற்றமிக்கு’ எனப் பெயரிட்டார். கதிர்த்தொழிற்பாடு 1896இலேயே கண்டறியப்பட்டமையால் அவர் அதன் காரணத்தை அறிந்திலர். 1914இல் சுவீடன் நாட்டு ஹம்பேர்க்கு, அக்கனியங்களிலுள்ள கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்கள் வெளிவிடும் அல்பாத் துணிக்கைகளே அதற்கு ஏது என்றார். 1955இல் ஹொலண்டு, கொட்பிறீட்டு என்போர் இலங்கையிற் கிடைத்த சிர்க்கோன் கற்களை ஆராய்ந்தனர். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட அக்கற்களுள் உரேனியம் மிக்கவை பளிங்கமைப்பை இழந்திருந்தன; 4.7 ஆக இருக்கவேண்டிய அவற்றின் அடர்த்தி 4.0 அளவிற்குக் குறைந்திருந்தது.

கணிப்பொறிச் சான்று 1960இல் தோன்றியது. அமெரிக்காவின் புறூக்கேவன் ஆய்வுகூடத்தில் வின்யாட்டும் துணைவரும், செம்புப் பளிங்கின் சில நூறு அணுக்களுக்கு நியூற்றனின் இயக்கவிதிகளைப் பொருத்தி, ஓரணு அடியுண்டால் ஏனையவை எவ்வாறு இடம்பெயரும் எனக் கணித்தனர். 2001இல் திரச்செங்கோ, டவ், சால்யே ஆகியோர் இந்நெறியைச் சிர்க்கோனுக்குப் பிரயோகித்தனர். அல்பாத் துணிக்கை வெளியேறுங்கால், பின்னுதைப்புறும் கனமான அணு தன் வழியிலுள்ளவற்றைச் சிதறடிக்க, நடுவே அடர்த்தி குன்றிய பகுதியும் அதனைச் சூழ அடர்ந்த ஓடும் உண்டாதல் புலனாயிற்று.

ஆயினும் இத்தகைய கணிப்புக் காட்டுவது ஒரு செக்கனை இலட்சங் கோடியாகப் பகுத்தால் வரும் சில கூறுகளில் நிகழ்வதையே. பல்லாண்டுகளில் அணுக்கள் மீள ஒழுங்குபெறுதலை அது நேரிற் காட்டாது. 2007இல் பார்னனும் துணைவரும் புளூட்டோனியங் கலந்த சிர்க்கோனைக் கருக்காந்தப் பரிவு முறையால் அளந்தனர். ஒவ்வோர் அல்பாச் சிதைவும் ஏறத்தாழ 5000 அணுக்களை இடம்பெயர்த்தல் தெரியவந்தது. இது முன்னர் எண்ணியதினும் மிகுதி. நூற்றுக்குப் பத்துப் பங்கு புளூட்டோனியம்-239 கொண்ட சிர்க்கோன் 1,400 ஆண்டுகளிற் பளிங்கமைப்பை இழந்துவிடும் என்பதும் பெறப்பட்டது.

பளிங்கமைப்பை இழத்தல் வேறு, கரைந்தொழிதல் வேறு. கணிப்பொறி முதற் கணத்தை விளக்கும். கல் முடிவைக் காட்டும். கழிவை அடக்கும் பொருளைத் தெரிவுசெய்வோர் இவ்விரண்டையும் ஒப்புநோக்காது துணிதல் தகாது. அத்தெரிவின் பயனை நுகர்வோர் இன்னும் பிறவாத தலைமுறையினர்.