நிகழாது போன வரலாறு: சிறுவர் தொலைக்காட்சியும் வீட்டுக் கணனியும்

வரலாற்றிலே "இப்படி நிகழ்ந்திருந்தால்" என்னும் பேச்சுக்கு இடமில்லை என்று எமக்குக் கற்பித்த ஆசிரியர்கள் கூறுவார்கள். ஈ. எச். கார் என்னும் ஆங்கில வரலாற்றறிஞரும், 1961 ஆம் ஆண்டில் வெளிவந்த 'வரலாறு என்றால் என்ன?' என்னும் நூலிலே, நடவாதவற்றைப் பற்றிய கற்பனைகளை ஓய்வுநேர விளையாட்டென்று ஒதுக்கிவிட்டார். வேறு சிலரோ அவ்விளையாட்டை விரும்பியே ஆடினர். 1931 இல் ஜே. சி. ஸ்குவயர் என்பார் தொகுத்த நூலொன்றிலே, அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெருஞ்சமரொன்று வேறு விதமாக முடிந்திருந்தால் யாது நேர்ந்திருக்கும் என வின்ஸ்டன் சேர்ச்சில் ஒரு கட்டுரை வரைந்தார்.

நான் இவ்விரு சாராருக்கும் நடுவில் நிற்பவன். கிளியோபாத்திராவின் மூக்கு சிறிது குறுகியிருந்தால் உலகம் மாறியிருக்கும் என்பது போன்ற பேச்சில் எனக்கு ஈடுபாடில்லை. ஆனால் அறையொன்றிலே சிலர் கூடியிருந்து, இரண்டு வழிகளையும் உண்மையாகவே எண்ணிப் பார்த்து, ஒன்றைத் தெரிந்தார்களாயின், அவர்கள் விட்ட மற்ற வழியை ஆராய்வது வீண்வேலையன்று. தெரிந்த வழியின் பெறுமதி அப்பொழுதுதான் விளங்கும். அரசர்களையும் படைகளையும் விடுத்து, இன்று சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். பிரித்தானியாவிலே சிறுவருக்கான தொலைக்காட்சியும், வீட்டுக்கு வந்த முதற் கணனிகளும் ஒன்றையொன்று எவ்வாறு சந்தித்தன, சந்தியாமலே போயிருக்கவும் கூடுமோ என்பதே அப்பொருள்.

போரினால் மூடப்பட்டிருந்த பி.பி.சி. தொலைக்காட்சி 1946 ஆம் ஆண்டு யூன் மாதம் 7 ஆம் திகதி மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே 'மஃபின்' என்னும் பொம்மைக் கோவேறு கழுதை சிறுவர் முன் தோன்றியது. அக்காலத்திலே பிள்ளை எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டுமன்று, எப்பொழுது உறங்க வேண்டும் என்பதையும் பெரியோரே தீர்மானித்தனர். மாலை 6 மணி தொடக்கம் 7 மணி வரை எந்த நிலையமும் ஒளிபரப்பாது. பிள்ளைகளை நித்திரைக்கு அனுப்புவதற்கென விடப்பட்ட இவ்விடைவேளை 1957 பெப்ரவரியிலேதான் ஒழிந்தது. நாடு முழுவதும் ஒரு மணி நேரம் கண்ணாடி இருண்டு கிடந்ததை இன்றைய பெற்றோர் கேட்டால் பெருமூச்சு விடுவர் போலும்.

ஆயினும் அத்தொலைக்காட்சிக்கு ஒரு நற்பழக்கம் இருந்தது. தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தன்னை விட்டு எழுந்து போகும்படி அது தூண்டியது. 1958 இல் தொடங்கிய 'புளூ பீற்றர்' வெறும் போத்தல்களையும் அட்டைப் பெட்டிகளையும் கொண்டு பொருள்கள் செய்யக் கற்பித்தது. 1964 இல் 'பிளே ஸ்கூல்' வந்தது. பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசை தொடங்கிய இரவு இலண்டனில் மின்சாரம் தடைப்பட, பெரியோருக்கென ஆயத்தம் செய்த கோலாகலமெல்லாம் இருளிற் போயிற்று. மறுநாட் காலையில், நிகழ்ச்சிநிரலின்படி முதலாவதாக ஒளிபரப்பானது குழந்தைகளின் நிகழ்ச்சியாகவே அமைந்தது. 1973 இல் ஆரம்பித்த மற்றொரு நிகழ்ச்சியோ, தொலைக்காட்சிப் பெட்டியை மூடிவிட்டுச் சலிப்பில்லாத வேறொன்றைச் செய்யலாகாதா என்னும் கேள்வியையே தன் நெடும் பெயராகச் சூடியிருந்தது.

இந்தப் பழக்கம் 1971 இல் சோதனைக்குள்ளாயிற்று. அமெரிக்காவில் 1969 நவம்பர் 10 ஆம் திகதி தொடங்கிய 'செசமி ஸ்ரீற்' பெரும்புகழ் ஈட்டியிருந்தது. ஜோன் கான்ஸ் கூனி என்னும் அம்மையாரும் லொயிட் மொரிசெற் என்பவரும் 1966 இல் ஓர் இராப்போசனத்திலே உரையாடியதிலிருந்து பிறந்த முயற்சி அது. மொரிசெற்றின் சிறுமகள் ஒளிபரப்புத் தொடங்குமுன் அதிகாலையில் எழுந்து, திரையில் நிற்கும் சோதனைக் கோலத்தையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். வெறுங்கோலத்தையும் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்தையும் எண்ணையும் காட்டினால் என்ன என்பது அவர்களது வினா. பி.பி.சி.யின் சிறுவர் பகுதித் தலைவி மொனிக்கா சிம்ஸ் அந்நிகழ்ச்சியை ஏற்க மறுத்தார். பிள்ளையைச் சரியான ஒரே விடையை நோக்கி நடத்துவதும், அதன் நடத்தையை மாற்ற முனைவதும் அவருக்கு உவப்பாயிருக்கவில்லை. தனியார் அலைவரிசையைச் சேர்ந்த சில நிறுவனங்கள் அதனைப் பின்னர் காட்டின.

அவர் ஏற்றிருந்தால்? வறிய வீட்டுப் பிள்ளைகள் சிலர் எழுத்தை முன்னரே அறிந்திருப்பர். அது சிறிய நன்மையன்று. முப்பது ஆண்டு கற்பித்தவன் என்ற முறையில், சிம்ஸ் அம்மையாரின் அச்சம் சற்று மிகையானதென்றே எண்ணுகிறேன். எழுத்தறியாத பிள்ளைக்கு 'அ' என்பது சரியான ஒரே விடைதான். ஆனால் இதனால் பெரும் வரலாறு மாறியிராது. எந்த நிகழ்ச்சி வந்தாலும் பிள்ளை கண்ணாடிக்கு இப்புறத்தேதான் இருந்திருக்கும். பார்ப்போருக்கு மறுமொழி கூறும் ஆற்றல் அக்கண்ணாடிக்கு இன்னும் வரவில்லை.

அவ்வாற்றல் வந்த கதை வேறு. 1978 இல் பி.பி.சி. காட்டிய விவரணப் படமொன்று, நுண்சில்லுகள் தொழிலாளரின் கைவேலையைப் பறிக்கப்போகின்றன என்னும் கலக்கத்தை நாட்டிலே பரப்பியது. அதன் விளைவாகக் கணனி அறிவை மக்களுக்கூட்டும் திட்டமொன்று வகுக்கப்பட்டது. இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அத்திட்டத்தை வகுத்தது சிறுவர் பகுதியன்று. வளர்ந்தோர் கல்விப் பகுதியே. வேலை இழக்கக்கூடிய தந்தையரும், அலுவலகங்களில் தடுமாறும் எழுதுநருமே அவர்களது மனத்தில் இருந்த மாணாக்கர். நிகழ்ச்சியைப் பார்ப்போர் தம் கையாலேயே பழக வேண்டும் என்பதற்காக, தன் பெயரையே தாங்கிய கணனியொன்றை விற்கவும் பி.பி.சி. துணிந்தது. ஒலிபரப்பு நிறுவனமொன்று இவ்வாறு செய்தது புதுமையே.

எந்தக் கணனியை? முதலிலே அவர்கள் நாடியது 'நியூபிரெயின்' என்னும் பொறியை. சின்கிளேர் ரேடியோனிக்ஸ் நிறுவனத்தில் கருக்கொண்டு, அரசாங்கத்தின் தேசிய தொழில் முயற்சிச் சபையின் கையிற் சென்று, நியூபரி லபோரற்றரீஸ் என்னும் கம்பனியிடம் அது வளர்ந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய முடிவாகிவிட்ட காரியம். ஆனால் பொறி குறித்த காலத்தில் ஆயத்தமாகவில்லை. பி.பி.சி. பிற கம்பனிகளையும் அழைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. கேம்பிரிட்ஜிலிருந்த ஏகோர்ன் என்னும் சிறு கம்பனி, தன்னிடம் அத்தகைய கணனி உண்டென்று கூறியது. உண்மையில் இருந்தது கடதாசியில் வரைந்த எண்ணம் மட்டுமே.

பி.பி.சி. அலுவலர் வருவதற்கு ஐந்து நாள். ஏகோர்னின் ஹேர்மன் ஹவுசர், இந்நாட்களுக்குள் மாதிரியொன்றைச் செய்ய இயலுமா எனப் பொறியியலாளரான சோஃபி வில்சனிடமும் ஸ்டீவ் ஃபேர்பரிடமும் தனித்தனியே வினவினார்; ஒருவர் இயலாதென்றபோது, மற்றவர் இயலுமென்று கூறிவிட்டாரே என்றார்; மற்றவரிடமும் அவ்வாறே கூறினார். எமது பாடசாலைகளில் விளையாட்டுப் போட்டிக்கு இல்லத் தலைவர்களை இணங்கச் செய்யும் உத்தி இது! இருவரும் இரவு பகலாகப் பாடுபட்டனர். வெள்ளிக்கிழமை அதிகாலையிலும் பொறி உயிர்பெறவில்லை. அதனைச் சோதனைக் கருவியோடு பிணைத்திருந்த வடத்தை அறுத்துவிட்டால் என்ன என்றார் ஹவுசர். அறுத்தார்கள், பொறி இயங்கியது. சில மணி நேரத்தில் பி.பி.சி. அலுவலர் வந்து சேர்ந்தனர்.

நான் நெடுநேரம் எண்ணிப் பார்க்கும் திருப்பம் இதுவே. நியூபிரெயின் காலத்துக்கு ஆயத்தமாயிருந்தால், பி.பி.சி.யின் பெயர் அதற்குச் சென்றிருக்கும். ஏகோர்ன் சிறு கம்பனியாகவே இருந்து மறைந்திருக்கவும் கூடும். பி.பி.சி. கணனியின் வெற்றி தந்த செல்வமும் துணிவும் இல்லாவிடின், அதே வில்சனும் ஃபேர்பரும் 'ஏ.ஆர்.எம்.' என்னும் சில்லை வகுக்க வாய்ப்புப் பெற்றிருப்பார்களா? 1985 ஏப்பிரல் 26 ஆம் திகதி முதன்முறை இயங்கிய அச்சில்லின் வழித்தோன்றல்களே இன்று உலகின் கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் உள்ளன. ஒரு கம்பனியின் தாமதத்தால் எங்கள் சட்டைப்பைகள் வரை நீளும் கதை இது. ஆயினும் இதனை மிகைப்படுத்தல் ஆகாது. வேறொருவர் வேறொரு சில்லைச் செய்தே இருப்பர். மாற முடியாதது கருவியின் தேவை. மாறியிருக்கக்கூடியது யார் கையில், என்ன விலையில், எந்தப் பழக்கத்தோடு அது வந்தது என்பதே.

விலையைப் பாருங்கள். 1981 திசெம்பரில் வெளிவந்த பி.பி.சி. கணனியின் எளிய வகை 235 பவுண். மேலான வகை 335. விரைவில் அவை 299 உம் 399 உம் ஆயின. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலே கிளைவ் சின்கிளேர் விற்கத் தொடங்கிய 'இசட் எக்ஸ் 81' 69 பவுண் 95 பென்சு மாத்திரமே. சின்கிளேர் தமக்கே பி.பி.சி.யின் பெயர் கிடைத்திருக்க வேண்டுமென மனங்கசந்தார். கிடைத்திருந்தால், ஏழை வீட்டிலும் பாடசாலையிலும் ஒரே பொறி இருந்திருக்கும். நடந்ததோ, பாடசாலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று எனப் பிரிந்தது. பாடசாலைகள் வாங்கும் கணனிக்கு அரசாங்கம் பாதி விலை கொடுத்தது. அங்கே பி.பி.சி. கணனி, வீட்டிலோ 1982 இல் வந்த 'ஸ்பெக்ட்ரம்'. நல்ல கருவி பாடசாலையின் பூட்டிய அறையிலும், மலிவான கருவி பிள்ளையின் மடியிலும் இருந்தன. எதனை அப்பிள்ளை நன்கு பழகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'கணனி நிகழ்ச்சி' 1982 சனவரி 11 ஆம் திகதி தொடங்கி, பத்துப் பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. 12,000 கணனிகள் விலைபோகும் என மதிப்பிட்டிருந்தனர். இறுதியில் விற்றவை பதினைந்து இலட்சத்துக்கு மேல். தந்தையருக்கென விரித்த பாயில் பிள்ளைகள் வந்து அமர்ந்துகொண்டனர். இக்கணனிகளுக்குத் தனித் திரை வாங்க இயலாத வீடுகளே மிகுதி. தொலைக்காட்சிப் பெட்டியின் அன்ரெனாத் துளையிலே கணனியைப் பொருத்தினர். ஆதலால் ஒரே நேரத்தில் ஒன்றையே செய்யலாம்: தந்தை செய்தி பார்க்கலாம், அல்லது மகன் கட்டளை எழுதலாம். நாற்பது ஆண்டாகப் பிள்ளைக்குக் காட்டியே வந்த கண்ணாடி, அன்றுதான் பிள்ளையின் சொல்லுக்குக் காத்து நின்றது.

சிறுவர் பகுதியே அத்திட்டத்தைத் தாங்கியிருந்தால்? மஃபின் முதலாகப் பழகிய கைகளால், பிள்ளைக்கு ஏற்ற மொழியில் அது அமைந்திருக்கும். ஆனால் பிள்ளை மயங்குமென்று அஞ்சி, கட்டளை மொழியை ஒளித்துப் படங்களை மட்டும் காட்டியிருக்கவும் கூடும். பெரியோருக்கென்று செய்ததாலேயே அதில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. 2016 இல் 'மைக்ரோபிற்' என்னும் சிறு கணனியைப் பிரித்தானியாவின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கி, விட்ட வழியில் பி.பி.சி. பிந்தியாயினும் சிறிது நடந்து பார்த்தது. ஏறக்குறைய பத்து இலட்சம் கருவிகள். அங்கே பாடசாலையின் பொருளாகவன்றிப் பிள்ளையின் சொத்தாகவே அது கொடுக்கப்பட்டது.

அந்தக் 'கணனி நிகழ்ச்சி' தொடங்கி ஐந்து வாரங்களின் பின், 1982 பெப்ரவரி 15 ஆம் திகதி, யப்பானிய உதவியோடு எமது நாட்டின் ரூபவாஹினி தொடங்கியது. அப்பொழுது நான் சிறுவன். அயல்வீட்டு விறாந்தையில் இருபது பேரோடு நெருங்கியிருந்து பார்த்தவன். அந்தக் கண்ணாடியிடம் எதையும் கேட்கலாம் என்ற எண்ணமே எங்களுள் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பல ஆண்டுகளின் பின், நான் அதிபராயிருந்த ஒரு கிராமப் பாடசாலைக்குப் பத்துக் கணனிகள் வந்தன. தூசு படியுமென்று துணியால் மூடினேன். இடி மின்னலுக்கு அஞ்சி மின்னிணைப்பைக் கழற்றினேன். பொருட்பதிவேட்டில் குறைவு வரலாகாதென்று அறையைப் பூட்டி, திறப்பை என் மேசை லாச்சியில் வைத்தேன். இரண்டு தவணை அவ்வாறே கழிந்தது. எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒருநாள் வாசலில் நின்று, "சேர், அந்த அறை எங்களுக்கோ, இன்ஸ்பெக்ரருக்கோ?" என்று கேட்டாள். அவள் பகிடியாகக் கேட்கவில்லை. அறிய விரும்பியே கேட்டாள்.

அன்று பிற்பகல் திறப்பை அவளிடமே கொடுத்தேன். அத்தவணை முடிவில் ஒரு கணனி பழுதாயிற்று. விசைப்பலகை இரண்டில் எழுத்துகள் தேய்ந்து மறைந்தன. பொருட்பதிவேட்டில் அதற்கான காரணத்தை எழுதும் இடத்திலே, "பாவனையால்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.