களிப்பாறையின் கணக்கு

அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும்போது வழியெங்கும் கருங்கல் குன்றுகளைக் காண்பீர்கள். இவற்றில் எரிவாயு கிடைக்குமா? கிடைக்காது. இவை பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு இறுகிப் பல கோடி ஆண்டுகளைக் கடந்த பாறைகள். இவற்றில் உயிர்ப்பொருள் புதையவில்லை.

கிழக்கே செல்லுங்கள். திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலார் சொன்னரா 1781-இலேயே இவற்றைப் பற்றி எழுதினார். இங்கிருந்து தெற்கே காவிரிப் படுகை விரிகிறது. 1862-இல் பிளான்போர்டு என்ற நிலவியலார் இதன் கிரிடேஷியஸ் காலப் பாறைகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் மழைநீர் அரித்த களிமேடுகளாக நாம் காண்பது, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் அடிச்சேறேயாகும்.

இதையொத்த களிப்பாறைகள் படுகையின் ஆழத்திலும் உண்டு. ஆண்டிமடம், சாத்தப்பாடி என்று பெயர்பெற்ற அடுக்குகளே அவை. 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அத்தகைய எண்ணெய்க்குத் தாயான மூலப்பாறையிலேயே வாயு தங்கியிருக்குமா என்பதே இன்றைய கேள்வி.

இதற்கு விடைகாண மூன்று சோதனைகள் உண்டு. முதலாவது, பாறையில் கரிமப்பொருள் எவ்வளவு? நூற்றில் ஒரு பங்குகூட இல்லையெனில் பெரிதாகப் பயனில்லை. இரண்டாவது, அது எவ்வகையானது? கடற்பாசியிலிருந்து வந்தது எண்ணெயையும், மரத்திலிருந்து வந்தது பெரும்பாலும் வாயுவையும் தரும். மூன்றாவது, அது எவ்வளவு வெந்திருக்கிறது?

இங்கேதான் இயற்பியல் வருகிறது. ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு வெப்பம் சுமார் 30 பாகை கூடும். தரையில் 30 பாகை என்றால், 3 கிலோமீட்டர் ஆழத்தில் 120 பாகை. ஏறத்தாழ 60 பாகையில் தொடங்கும் எண்ணெய் விளைச்சல் அங்கே முடிந்து, வாயு விளையத் தொடங்கும். பாறை பட்ட வெப்பத்தை எப்படி அறிவது? அதிலுள்ள மரத்துணுக்குகளை மெருகேற்றி, நுண்ணோக்கியின்கீழ் ஒளியைப் பாய்ச்சுவார்கள். அதிகம் வெந்த துணுக்கு அதிகமாக ஒளியைத் திருப்பும். பாறை குளிர்ந்த பின்னும் மறவாத வெப்பமானி இது!

2011-இல் மேற்கு வங்கத்தின் துர்காபூர் அருகே, களிப்பாறையிலிருந்து வாயு வெளிப்பட்டது. 2013-இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிறுவனம் காவிரிப் படுகைக்கு இட்ட மதிப்பீடு, பாறையில் இருப்பது 30 லட்சம் கோடி கன அடி. எடுக்கக்கூடியது 5 லட்சம் கோடி. ஆறில் ஒரு பங்குதான்! களி மிகுந்த பாறை எளிதில் விரிசல் விடாது என்பதை மறவாதீர்கள். விரிசல் உண்டாக்க அழுத்தத்துடன் பெருமளவு நீரைச் செலுத்தவேண்டும்.

அந்த நீர் நெல்லுக்கும் வேண்டுமல்லவா? தமிழ்நாடு 2020-இல் இயற்றிய சட்டத்தால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டையின் சில பகுதிகளிலும் இவ்வாயுவுக்கான துளையிடலுக்கு இடமில்லை. பாறையில் என்ன இருக்கிறது என்பதைச் சோதனைச்சாலை சொல்லும். அதை எடுக்கவேண்டுமா என்பதை மேலே உழுது வாழும் மக்களையும் கேட்டே முடிவு செய்யவேண்டும். இரண்டு கணக்கையும் போடத் தெரிந்தவரே நிறைவான அறிவியல் மாணவர்.