ஆர்க்ரைற்: ஒரு குடும்பப் பெயரின் சமூக வரலாறு

குடும்பப் பெயர்களைச் சொல்லாராய்ச்சிக்குரியனவாக மட்டும் கொள்ளும் போக்கு போதுமானதன்று. அவற்றிலே சமூக உற்பத்தியின் வரலாறும் பதிந்துள்ளது. இங்கிலாந்தின் அருகிய குடும்பப் பெயர்களுள் ஒன்றான 'ஆர்க்ரைற்' இதற்குத் தக்க சான்றாகும்.

'ஆர்க்' என்பது பேழையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. வட இங்கிலாந்து வழக்கில் அது மாவும் தானியமும் இட்டுவைக்கும் மரப்பெட்டியைச் சுட்டியது. 'ரைற்' என்பது செய்வோன் எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். எனவே, ஆர்க்ரைற் பெட்டி செய்யும் தச்சனாவான்.

1066ஆம் ஆண்டின் நோர்மானிய வெற்றிக்குப் பின்னரே ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் படிப்படியாகப் பரம்பரைப் பெயர்களாயின. 1377 முதல் 1381 வரையிலான தலைவரிப் பதிவுகளில் உழைப்போர் பலர் தொழிற்பெயர்களாலேயே குறிக்கப்பட்டனர். ஆயின், பெயர் பரம்பரையானதும் அது தொழிலினின்றும் பிரிந்தது. 1732இல் பிறெஸ்ரனிலே பிறந்த றிச்சாட் ஆர்க்ரைற், தையற்காரரின் மகன், தாமோ நாவிதர்.

அவர் 1769இல் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1771இல் குறொம்போட்டில் நீர்விசை ஆலையை நிறுவத் தொடங்கினார். இயந்திரத்தை உருவாக்க உழைத்தவர் ஜோன் கே என்னும் மணிக்கூட்டுத் தொழிலாளி. 1779இல் பேர்க்கேக்கர் ஆலையைக் கிளர்ந்தெழுந்த மக்கள் அழித்தனர். 1785இல் நீதிமன்றம் காப்புரிமையை நீக்கியது. மறு ஆண்டே அரசு அவருக்கு 'சேர்' பட்டம் வழங்கியது.

கைவினைஞனைச் சுட்டிய பெயர் ஆலை முதலாளியின் பெயராகவே வரலாற்றில் நிலைத்தது. செய்தவர்களின் பெயர்களைத் தேடுவதே நம் ஆய்வின் கடமையென நாம் கருதுகின்றோம்.