விளக்கும் கிணறும்

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே, தேயிலைச் சரிவுகளின் நடுவே புகையிரதம் தரித்துச் செல்லும் சிற்றூர் றொசல்ல. மலையூற்று நீரைப் பீலியிலே பிடித்துப் பருகுதல் இப்பகுதித் தோட்டங்களின் வழக்கம். இதே மலைநாட்டு நீர்தான் நாட்டின் விளக்குகளையும் ஏற்றுகின்றது.

1918ஆம் ஆண்டிலே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா, நம் மலையாறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறலாம் என எடுத்துரைத்தார். 1950இல் லக்சபானவிலே அக்கருத்து நிறைவேறிற்று. நீர்த்தேக்கங்களால் நிலங்கள் மூழ்கியதும், அருவிகள் மெலிந்ததும் உண்மையே. எனினும் சுழலியைச் சுழற்றிய நீர் எரிபொருட் கழிவின்றி ஆற்றுக்கே மீள்கின்றது.

யாழ்ப்பாணத்தின் நிலையோ வேறு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கில்லை. குடிப்பதற்குக் கிணற்று நீர். மின்சாரத்துக்குச் சுன்னாகத்திலே எண்ணெய். போரினால் நாட்டின் பொது மின்தொடரிலிருந்து குடாநாடு துண்டுபட்டிருந்த காலத்தில் எண்ணெயை நம்பியே விளக்குகள் எரிந்தன.

எண்ணெய் மின்னிலையத்திலே எரிபொருளைத் தூய்மை செய்யும்போதும், இயந்திரங்களைக் கழுவும்போதும் எண்ணெய் கலந்த கழிவுநீர் உண்டாகும். எண்ணெயைப் பிரித்தெடுத்த பின்னரே அதனை வெளியேற்றல் வேண்டும். ஏனெனில் குடாநாட்டு நிலம் வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே சிந்துவது விரைவிலே கீழிறங்கும். நீரினும் இலேசான எண்ணெய், நிலத்தடி நீரின்மேல் மிதந்து கிணறு தோறும் படரும்.

2014, 2015ஆம் ஆண்டுகளிலே சுன்னாகத்தைச் சூழ்ந்த ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் காணப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அள்ளிப் பருகிய கிணறு முற்றத்திலே இருக்க, பவுசரில் வரும் நீருக்கு மக்கள் காத்திருந்தனர். மாசு உண்டு என்றனர் சில ஆய்வாளர். தீங்கில்லை என்றனர் வேறு சிலர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. மாசு செய்தவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் கோட்பாட்டின்படி, நோர்தேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரலிலே தீர்ப்பாயிற்று.

நீதி கிடைத்தது நன்றே. ஆயினும், பாறை வெடிப்பிலே புகுந்த எண்ணெயை எந்தத் தீர்ப்பும் வெளியே எடுத்துவிடாது. மின்னிலையம் எழுமுன்னரே அயற்கிணறுகளின் நீரைச் சோதித்துப் பதிந்து, பின்னரும் இடையறாது சோதித்து வந்திருந்தால், ஆய்வாளரிடையே அவ்வளவு வாதத்துக்கு இடமிருந்திராது. கேடும் தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும்.

மலைநாட்டாருக்கும் இது பொருந்தும். பீலிக்கு மேற்புறத்தே எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை வைக்க வேண்டிவந்தால், அதில் கசிவது எங்கே சென்று சேரும் என்பதை முதலில் கேட்டறிதல் நம் கடமை.